உவர்க்காற்றில் ஒரு சுவிஸ் மணிக்கூடு

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் செல்வம் காணியாகவும் பவுணாகவுமே தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. ஆயினும் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடும் சங்கிலியோடும் நல்ல மணிக்கூடொன்றையும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம், மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் கையில் ராடோ மணிக்கூட்டுடன் திரும்பிய காலத்திலேயே வேரூன்றிவிட்டது. 1980களிலிருந்து ஐரோப்பாவில் குடியேறத் தொடங்கியவர்களில் ஒரு பெரும் பகுதியினர் சென்று சேர்ந்ததும் கடிகாரத் தொழிலின் தாயகமான சுவிற்சர்லாந்துக்கே என்பதாலும், இலங்கைத் தமிழ் வேர்கொண்டோர் இன்று அங்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள் என்பதாலும், ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளின் அலுமாரிகளில் கடைக்காரர் எவரும் விற்காத, உறவினர் கைப்பட வந்து சேர்ந்த விலையுயர்ந்த கடிகாரங்கள் இருப்பதில் வியப்பில்லை. அவற்றை வைத்திருப்பதும் பேணுவதும் செலவுக்கு ஏற்ற பயனைத் தருகின்றனவா என்ற கேள்விக்கு, ஜெனீவாவில் கிடைக்கும் விடையும் கொழும்பில் கிடைக்கும் விடையும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆடம்பரக் கடிகாரம் என்று இங்கு குறிக்கப்படுவது, விலை சில ஆயிரம் டொலர்களில் தொடங்கி, பற்றறி இன்றி முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்கும் கைக்கடிகாரத்தையே ஆகும். அதன் உள்ளே சுருட்டப்பட்ட உலோக நாடா ஒன்று இருக்கிறது. பக்கக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கும்போதோ, தானியங்கிக் கடிகாரமாயின் கை அசையும்போது சுழலும் எடைத் தகட்டினாலோ அது இறுகி, பின்னர் சிறிது சிறிதாகத் தளர்ந்து பற்சக்கரங்களை ஓட்டுகிறது. அந்தத் தளர்வு ஒரே மூச்சில் நடந்துவிடாமல் தடுத்து நிறுத்தித் தடுத்து நிறுத்தி விடுவிக்கும் நெம்புகோல் ஒன்றும், மயிரிழை போன்ற சுருள்வில்லின் துணையோடு இருபுறமும் ஊசலாடும் சிறு சக்கரம் ஒன்றும் சேர்ந்துதான் நேரத்தைப் பகுக்கின்றன. இக்காலக் கடிகாரங்களில் பெரும்பாலானவை நொடிக்கு எட்டுத் துடிப்பு என்ற கணக்கில் ஓடுவதால், ஒரு நாளில் 6,91,200 தடவையும் ஓர் ஆண்டில் 25 கோடி தடவைக்கு மேலும் அந்த நெம்புகோல் அடிபடுகிறது. மோட்டார் வாகனத்தின் இயந்திரத்துக்குக்கூட இவ்வளவு ஓயாத வேலை கிடையாது என்றாலும், ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றுவதற்கு மறக்காதவர்கள் கைக்கடிகாரத்துக்கும் எண்ணெய் உண்டு என்பதை அறியாமலேயே பதினைந்து ஆண்டுகள் அணிந்துவிடுகிறார்கள்.

இத்தனை நுட்பமும் துல்லியத்துக்காக என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். சுவிற்சர்லாந்தின் அதிகாரபூர்வ சோதனை நிறுவனமான கொஸ்க், நாளொன்றுக்கு நான்கு நொடி பிந்துவதற்கும் ஆறு நொடி முந்துவதற்கும் இடைப்பட்ட இயந்திரங்களுக்கே ‘குரோனோமீற்றர்’ என்ற தகுதிச் சான்றை வழங்குகிறது. ரோலெக்ஸ் நிறுவனம் இரு பக்கமும் இரண்டு நொடி என்று தன் வரம்பை இன்னும் இறுக்கி வைத்திருக்கிறது. புறக்கோட்டை நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கக்கூடிய குவார்ட்ஸ் கடிகாரமோ, அதாவது பற்றறி மின்சாரத்தால் நொடிக்கு 32,768 தடவை அதிரும் படிகத்துண்டைக் கொண்டு நேரம் காட்டும் கடிகாரமோ, பொதுவாக மாதத்துக்கே பதினைந்து நொடி அளவில்தான் பிசகும். அவ்வகையின் முதற் கைக்கடிகாரமாகிய சீக்கோ அஸ்ட்ரன் 1969 டிசம்பர் 25ஆம் நாள் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை நான்கரை இலட்சம் யென்னாக, ஏறக்குறைய ஒரு சிறு காரின் விலையாக, இருந்தது. பத்தே ஆண்டுகளில் அத்தொழில்நுட்பம் மலிந்ததால், 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில் 1980களின் நடுப்பகுதிக்குள் அதில் மூன்றிலொரு பங்கினரையே வைத்திருக்கக்கூடிய நிலைக்குச் சுருங்கியது. நேரம் காட்டும் போட்டியில் தோற்ற இயந்திரக் கடிகாரம், கைவினைப் பொருளாகவும் அந்தஸ்தின் அடையாளமாகவும் மறுபிறவி எடுத்ததே இன்றைய ஆடம்பரக் கடிகாரச் சந்தை. வாங்குபவர் காசு கொடுப்பது நேரத்துக்காக அல்ல என்பதை விற்பவரும் ஒளிப்பதில்லை.

இலங்கையருக்கு இதில் சற்றே வேடிக்கையான ஒரு செய்தியும் உண்டு. உயர்தரக் கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடி ‘சபையர்’ எனப்படுகிறது. இரத்தினபுரிச் சேற்றில் அகழ்ந்தெடுக்கப்படும் நீலக்கல்லும் அதுவும் வேதியியல் அடிப்படையில் அலுமினியம் ஒட்சைட்டு என்ற ஒரே பொருள்தான், ஆனால் இரும்பு, தைத்தேனியம் ஆகியவற்றின் சிறு கலப்பு நீலக்கல்லுக்கு நிறத்தைக் கொடுக்க, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் கண்ணாடியோ நிறமற்றுத் தெளிவாக இருக்கிறது. சக்கரங்களின் அச்சு முனைகள் சுழலும் இடங்களில் பதிக்கப்படும் சிறு சிவப்புக் கற்களும், அதாவது முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று பெருமையாகக் குறிக்கப்படுபவையும், அவ்வாறே செயற்கை மாணிக்கங்கள். பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் வெர்னொய் 1902இல் அவற்றை உருவாக்கும் முறையை வெளியிட்டதிலிருந்து அவற்றுக்கென்று தனி மதிப்பு ஏதும் கிடையாது. பழைய கடிகாரத்தை விற்கும்போது ‘உள்ளே மாணிக்கம் இருக்கிறது’ என்று பேரம் பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

பேணுதல் என்ற விடயத்துக்கு வந்தால், 1890 முதல் 1895 வரை இலங்கை ஆளுநராக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய ஹெவ்லொக் டவுனிலிருந்து கடல் இரண்டு கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில் இருக்கிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். காலி வீதியின் கடற்பக்க வீடுகளில் யன்னல் கம்பிகளும் மின்விசிறிகளும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு, உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோகத்துக்கு என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. கடிகாரத்தின் வெளிக்கூடு துருவேறா எஃகால் ஆனது என்பதால் அது தாங்கும்; ஆனால் உள்ளேயிருக்கும் திருகாணிகளும் சாவித் தண்டும் சாதாரண எஃகு. அவற்றுக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்பவை பின்மூடியிலும் பக்கக் குமிழிலும் கண்ணாடியின் விளிம்பிலும் பொருத்தப்பட்ட இறப்பர் வளையங்கள் மட்டுமே. இவ்வளையங்கள் வெப்பத்தாலும் வியர்வையாலும் சவர்க்காரத்தாலும் ஆண்டுக்காண்டு விறைத்து வெடிக்கின்றன. முகப்பில் ‘100 மீற்றர்’ என்று எழுதியிருப்பது தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் நிலையைச் சொல்லுகிறதேயன்றி, எட்டு ஆண்டுகள் கழித்துக் கல்கிசைக் கடலில் இறங்கும் நாளின் நிலையை அல்ல. ‘30 மீற்றர்’ என்ற குறிப்பு முப்பது மீற்றர் ஆழத்துக்குச் செல்லலாம் என்று பொருள்படுவதில்லை. கை கழுவும்போதும் மழையிலும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து நண்பகல் வெயிலுக்கு வரும்போது கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும் ஆவியால் தீங்கில்லை. உட்புறத்தில் மங்கல் தோன்றி, அரைமணி நேரத்துக்குப் பின்னும் கலையாமல் நின்றால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே பின்மூடி திறக்கப்பட வேண்டும். அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கும் கைவைத்தியம் கைத்தொலைபேசிக்கே பயன்படுவதில்லை என்பதோடு, கடிகாரத்தைப் பொறுத்தவரை அந்த மூன்று நாட்கள் துருவுக்குக் கொடுக்கும் அவகாசமாக முடியும். எஃகுப் பட்டியின் கண்ணிகளுக்கிடையில் வியர்வையும் தூசியும் சேர்ந்து உருவாகும் கரிய அழுக்கை, குமிழ் நன்கு இறுக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, மென்மையான பல்துலக்கியாலும் இலேசான சவர்க்கார நீராலும் மாதத்துக்கு ஒரு தடவை கழுவினாலே பட்டி தளர்ந்து தொங்குவதைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடலாம். தோல் வாருக்கு இவ்வூர் உகந்ததல்ல; மழைக்காலத்தில் அலுமாரிக்குள் வைத்த வாரில் வெண்பூஞ்சணம் பூத்திருப்பதைக் கண்டவர்கள் இறப்பருக்கோ எஃகுக்கோ மாறிவிடுவார்கள். இன்னொரு பகைவன் காந்தம்: தொலைபேசி உறைகள், கைப்பை மூடிகள், ஒலிபெருக்கிகள் ஆகியவற்றின் அருகில் வைக்கப்படும் கடிகாரத்தில் மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அது திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடத் தொடங்கும். காந்தம் நீக்கும் சிறு கருவியால் ஒரு நிமிடத்தில் தீரும் இக்குறைக்கு முழுப் பழுதுபார்ப்புக்கான பணம் வாங்கப்படுவதும் உண்டு என்பதால், எதையும் கழற்றுமுன் காந்தத்தைச் சோதிக்கும்படி கேட்பது உரிமையாளரின் கடமை.

திகதி காட்டும் கடிகாரங்களில் இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் திகதியைக் கையால் மாற்றக் கூடாது என்பது பலருக்குத் தெரியாத விதி. அந்நேரத்தில் திகதியை நகர்த்தும் பற்கள் தாமாகவே பிணைந்திருப்பதால், வலிந்து திருகினால் அவை முறியக்கூடும். நேரத்தையே மாற்ற வேண்டிய தேவை கொழும்புக்குச் சில தடவை வந்ததுண்டு. மின்வெட்டுக் காலமான 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அம்மாற்றத்தை ஏற்காததால், அப்பத்தாண்டில் கொழும்பிலிருந்து வன்னிக்குச் சென்றவர்கள் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் முள்ளைப் பின்னே தள்ள வேண்டியிருந்தது.

இந்தப் பேணல் முறைகளெல்லாம் உரிமையாளரின் கைக்குள் அடங்குபவை. அடங்காதது கடிகாரத்தைத் திறக்கும் கை. சக்கர அச்சுகளில் இடப்பட்ட எண்ணெய், துளி என்று சொல்லவும் கூசும் அளவினதாக இருப்பதால், சில ஆண்டுகளில் உலர்ந்தோ இடம்பெயர்ந்தோ போகிறது. அதன் பின்னர் எஃகு அச்சு கல்லோடு நேரடியாக உராய, உராய்வில் உதிரும் நுண்துகள் எஞ்சிய எண்ணெயோடு கலந்து அரத்தூள் போல் வேலை செய்கிறது. கொடுமை என்னவென்றால், இந்நிலையிலும் கடிகாரம் சரியான நேரத்தையே காட்டக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை எதற்குத் திறக்க வேண்டும் என்று விட்டுவிடுவதால்தான், எண்ணெய் இட்டால் போதும் என்றிருந்த வேலை சக்கரங்களையே மாற்றும் வேலையாகப் பெருகுகிறது. ஒமேகா ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவையும், ரோலெக்ஸ் ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் முழுப் பராமரிப்பைப் பரிந்துரைக்கின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த கரையோர நகரத்தில் இக்காலவரையறையின் குறைந்த எல்லையைப் பின்பற்றுவதே விவேகம்.

முழுப் பராமரிப்பு என்பது நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீயொலி அதிர்வுத் தொட்டியில் கழுவி, இடத்துக்கு ஏற்றபடி வெவ்வேறு தடிப்புடைய எண்ணெய்களையும் பசைகளையும் இட்டு, கடிகாரத்தைப் படுக்கவைத்தும் நிறுத்தியும் பல நிலைகளில் ஓட்டத்தைச் சீராக்கி, புதிய வளையங்களை இட்டு, இறுதியில் நீர்புகாமையைக் காற்றழுத்தத்தால் சோதிக்கும் வேலை. காலி வீதியோரத்திலும் புறக்கோட்டையிலும் ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் திருத்துநர்களில், பற்றறி மாற்றுவதற்கு மேல் அறியாதவர்களும் உண்டு, பழைய சீக்கோவையும் சிற்றிசனையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் வல்லவர்களும் உண்டு. அவ்வல்லவர்களின் கையையும் கட்டிப்போடுவது திறமைக் குறைவன்று, உதிரிப்பாகமே. ரோலெக்ஸ் உட்பட உயர்தர சுவிஸ் நிறுவனங்கள் பல, தம் பாகங்களைத் தாம் பயிற்றி அங்கீகரித்த பணிமனைகளுக்கன்றி வேறெவருக்கும் விற்பதில்லை. ஆகவே சுருள்வில் ஒன்று முறிந்தாலும், கொழும்புத் திருத்துநர் இன்னொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது உற்பத்தியாளர் உருவாக்காத மாற்றுப் பாகத்தைப் பொருத்த வேண்டும். பின்னதைச் செய்த கடிகாரத்தை நிறுவனத்தின் பணிமனைகள் ஏற்க மறுப்பதும் உண்டு. எஞ்சிய வழி சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்புவது. அப்படிக் கொண்டுசெல்லும்போது, அது திரும்பி வருகையில் புதிய இறக்குமதியாகக் கருதப்படாமல் இருக்க, புறப்படுமுன் சுங்கத்தில் பதிந்துகொள்வது நல்லது.

செலவுக் கணக்கில் பலர் தவறவிடுவது நாணயமாற்றை. மூன்று முள் மட்டுமே கொண்ட எளிய கடிகாரத்துக்கும் நிறுவனப் பணிமனையில் பல நூறு டொலர் ஆகும். நிறுத்துகடிகார வசதியும் சேர்ந்தால் இன்னும் கூடும். எடுத்துக்காட்டாக 600 டொலர் என்று வைத்துக்கொண்டால், டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த 2022 தொடக்கத்தில் அது 1,20,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அது 2,16,000 ரூபாய். சம்பளம் ரூபாயிலும் பராமரிப்பு டொலரிலும் இருக்கும் வரை, கடிகாரம் வாங்கிய அன்றைய விலையைவிட இனிவரும் இருபது ஆண்டுகளின் மூன்று பராமரிப்புகளே குடும்பத்துக்குச் சுமையாகக்கூடும்.

ரூபாய் சரிந்த அதே காலத்தில், டொலரில் விலை நிர்ணயிக்கப்படும் பொருளொன்றைக் கையில் வைத்திருப்பது காப்பீடு போலாகும் என்ற வாதமும் வலுப்பெற்றது. அதில் உண்மை இல்லாமலில்லை, ஆனால் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் அந்த வாதம் நிற்காது. எட்டுக் கிராம் கொண்ட பவுணுக்கு அன்றைய விலை உண்டு. எந்தக் கடைக்காரரும் நிறுத்துப் பார்த்துக் காசு கொடுப்பார், வங்கிகளின் அடகுப் பிரிவும் அவ்வாறே கடன் கொடுக்கும், மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவும் முடியும். எஃகுக் கடிகாரத்தை உருக்கினால் கிடைப்பது கரண்டி செய்யப் போதாத எஃகு. அதன் மதிப்பு முழுவதும் இன்னொருவர் அதை விரும்புவதில் தங்கியிருக்கிறது, அந்த விருப்பமோ அலைபாய்வது. 2021இலும் 2022 தொடக்கத்திலும் ரோலெக்ஸ், பட்டேக் பிலிப் போன்றவற்றின் சில வகைகள் கடை விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் மறுவிற்பனைச் சந்தையில் கைமாறின. 2022 வசந்தத்துக்குப் பின் அவ்விலைகள் செங்குத்தாக இறங்கின. நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் 2017 ஒக்டோபரில் நியூயோர்க்கில் 1.77 கோடி டொலருக்கு ஏலம் போனதைக் காட்டித் தம் கடிகாரமும் விலையேறும் என்று நம்புவோர், அங்கு ஏலம் போனது பால் நியூமனின் பெயர் என்பதை நினைக்கத் தவறுகிறார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க சில வகைகள் நீங்கலாக, புதிய ஆடம்பரக் கடிகாரம் கடையை விட்டு வெளியே வந்ததுமே விலையில் கணிசமான பங்கை இழக்கிறது. முதலீடு என்று சொல்லி இதை விற்பவரிடம் எச்சரிக்கை தேவை.

விற்க நேர்ந்தால், கடிகாரத்துக்கு நிகராக மதிக்கப்படுவது அதன் ரசீதும் உத்தரவாத அட்டையும் பெட்டியும் பராமரிப்புப் பதிவுகளும். போலிகள் திறமையாகச் செய்யப்படும் இக்காலத்தில் தாள் இல்லாத கடிகாரம் சந்தேகத்துக்குரிய கடிகாரம். சந்தைக்கு வெளியேயும் தாள் கேட்கப்படுவதுண்டு என்பதைத் தமிழ்நாடு 2022 டிசம்பரில் கண்டது: அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் கே. அண்ணாமலை அணிந்திருந்த, ரஃபேல் போர் விமானத்தின் பெயரால் 500 மட்டுமே தயாரிக்கப்பட்ட பெல் அண்ட் ராஸ் கடிகாரத்தின் ரசீதைத் தி.மு.க. அமைச்சர் வி. செந்தில் பாலாஜி கேட்க, மாதக்கணக்கில் நீண்ட அந்தச் சர்ச்சையில் 2023 ஏப்ரலில் ரசீது வெளியிடப்பட்டது. அதற்கு முன் 2016இல் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, நண்பரொருவர் பரிசளித்ததாகக் கூறிய ஹூப்லோ கடிகாரத்தை எதிர்க்கட்சிகளின் கேள்விக்குப் பின் சட்டப்பேரவைத் தலைவரிடமே ஒப்படைத்துவிட்டார். அரசியலில் இல்லாதவருக்கும், வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கடிகாரத்தோடு அதன் தாள்களையும் கேட்டு வாங்கி வைப்பது பிற்காலத்தில் பயன்படும்.

அவ்வாறாயின் ஆடம்பரக் கடிகாரம் எவருக்குத் தகும்? கொழும்பில் வாழ்பவருக்கு முதல் அளவுகோலாக இருக்க வேண்டியது முகப்பிலுள்ள பெயரைவிட உள்ளேயிருக்கும் இயந்திரம். ஒரே நிறுவனம் தனக்கென்று மட்டும் உருவாக்கிய இயந்திரம் விளம்பரத்தில் பெருமைக்குரியது. இந்த ஊரில் பழுதடையும்போது அதுவே சிறை. ஈடிஏ போன்ற பொது உற்பத்தியாளர்களின் இயந்திரமோ ஜப்பானிய இயந்திரமோ உள்ள நடுத்தர விலைக் கடிகாரத்தை உள்ளூரில் திறக்கத் தெரிந்தவர் இருக்கிறார், பாகமும் ஓரளவு கிடைக்கிறது. விலைமிக்க சுவிஸ் பெயரையே விரும்புபவர், வாங்கும் நாளிலேயே எங்கே, எவரிடம், எவ்வளவுக்குப் பராமரிப்பது என்பதை விசாரித்து, அந்தத் தொகையை ஆண்டுதோறும் ஒதுக்க இயலுமாயின் தாராளமாக அணியலாம். இயலாதவர் அதைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதால் அது காக்கப்படுவதில்லை, எண்ணெய் பெட்டிக்குள்ளும் உலரும்.

முதுசமாக வந்து சேர்ந்தவற்றுக்கு வேறு கணக்கு. வளைகுடாவிலிருந்து வந்த, 1962இல் அறிமுகமான வகையைச் சேர்ந்த பழைய ராடோ டயஸ்டார், தங்குதன் காபைட்டு என்னும் கடின உலோகக் கூட்டால் ஆனது என்பதால் அரை நூற்றாண்டு அணிந்த பின்னும் மேற்பரப்பில் கீறல் காணாது; ஆனால் சீமெந்துத் தரையில் விழுந்தால் விளிம்பு உடையக்கூடும். அதன் உள்ளே பெரும்பாலும் இருப்பவை ஏ.எஸ்., ஈடிஏ ஆகிய பொது உற்பத்தியாளர்களின் பரவலான இயந்திரங்கள் என்பதால் வெள்ளவத்தையின் அனுபவமிக்க திருத்துநர் அதற்கு மீண்டும் உயிர்கொடுக்க முடியும். பழைய எஃகுக் கடிகாரமாயின், பளபளப்பாக்கித் தருவதாகச் சொல்லுபவரிடம் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மெருகூட்டலும் கூட்டின் கூரிய விளிம்புகளைத் தேய்த்து உலோகத்தைக் குறைக்கிறது, தேர்ந்த சேகரிப்பாளர் கீறலைப் பொறுப்பார், தேய்ந்த கூட்டைப் பொறுக்கமாட்டார். தகப்பனின் கடிகாரத்தைத் திருத்த ஆகும் செலவு, அதை விற்றாலும் திரும்பி வராது என்பதை நேர்மையான திருத்துநர் பின்மூடியைத் திறக்குமுன்பே சொல்லிவிடுவார். சொல்லாதவரிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு வருவதில் ஆபத்து இருக்கிறது.